ஏரியில் தொடங்குங்கள்: வேலூர்ப் பக்கத்தில் நீர்ச்சூழலியல் கற்க வருகிறவர்களுக்கு

நீர்ச்சூழலியல் பாடப்புத்தகத்தைத் திறந்தால் முதல் சில பக்கங்களிலேயே ஆழமான ஏரி ஒன்றின் குறுக்குவெட்டுப் படம் வந்துவிடும். மேலே வெதுவெதுப்பான அடுக்கு, கீழே குளிர்ந்த அடுக்கு, வருடத்துக்கு இரண்டு முறை இரண்டும் கலக்கும் என்று விளக்கம் இருக்கும். அது குளிர்நாட்டு ஏரி. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு கழிஞ்சூர் ஏரிக்கரையில் போய் நின்றால் ஒன்றும் பொருந்தாது. நம் ஏரிகளில் ஆழம் குறைவு. பகல் வெயிலில் மேல்தண்ணீர் சூடாகி அடுக்குப் பிரியும், ராத்திரி ஆறிக் காற்றில் கலந்துவிடும். புத்தகத்தில் ஆறு மாதம் எடுக்கும் சங்கதி இங்கே ஒரே நாளில் முடிந்துபோகும்.

அதற்குப் பதிலாக வேறொன்று நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் ஏரி சித்திரையில் முழங்கால் அளவுக்கு இறங்கிவிடும். மழை பொய்த்த வருடம் என்றால் ஆனி மாதம் பையன்கள் ஏரிக்கு உள்ளேயே ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். வட ஆற்காட்டு ஏரியின் உயிர்களுக்குக் காலண்டர் என்பது நீர்மட்டம்தான். இதைப் பிடித்துக்கொண்டு படித்தால் புத்தகமும் புரியத் தொடங்கும், கடைசியில் கடலும் புரியும். கல்லூரியில் விலங்கியல், தாவரவியல் சேர்ந்திருப்பவர்களுக்கும், பாடமே எடுக்காமல் ஆர்வத்தில் வருகிறவர்களுக்கும் வழி ஒன்றேதான்.

முதலில் ஓர் ஏரியைப் பிடியுங்கள்

வீட்டிலிருந்து சைக்கிளிலோ பைக்கிலோ விடியற்காலையில் போய்வர முடிகிற தூரத்தில் இருக்க வேண்டும். இதைவிட முக்கியமான தகுதி கிடையாது. ராணிப்பேட்டை மாவட்டத்துக் காவேரிப்பாக்கம் ஏரி பெருமைக்குரியதுதான், மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தது, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. ஆனால் தொடக்கக்காரருக்கு அது ஆகாது. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது, எதை எங்கே அளப்பது என்றே குழம்பிப்போவீர்கள். ஊருக்குப் பின்னால் இருக்கும் நடுத்தர ஏரி போதும். வேலூர்க் கோட்டை அகழியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடலாம், தண்ணீர் பெரும்பாலும் வற்றுவதில்லை. வற்றும் ஏரியோடு ஒப்பிட நல்ல ஜோடி. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உள்ளே எதையும் இறக்க வேண்டாம்.

ஏரியில் மீன் குத்தகை இருந்தால் குத்தகைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வடிகட்டியும் தட்டுமாக ஒருவர் விடியற்காலையில் கரையோரம் குனிந்து நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். "மீன் புடிக்க வரலண்ணா, தண்ணியப் பாக்கத்தான் வந்தேன்" என்றால் சிரிப்பார்கள், அப்புறம் அவர்களே உங்களுக்கு ஆசிரியர்கள் ஆகிவிடுவார்கள்.

தனியாகத் தண்ணீரில் இறங்காதீர்கள். மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்குள் தெரியாது. கணுக்கால் அளவிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால் ஆள் மூழ்கும் ஆழம் இருக்கலாம். காலில் காயம் இருந்தால் கரையோடு நில்லுங்கள், எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியாகத்தான் சுலபமாக ஏறும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தண்ணீர் வரும் வழியை வரையுங்கள்

முதல் முறை போகும்போது அளக்க எதையும் எடுத்துப்போக வேண்டாம். ஒரு தாளில் ஏரியை வரையுங்கள். வரத்துக்கால்வாய் எந்தப் பக்கம், மதகு எங்கே, கோடி எங்கே, கோடியில் வழியும் தண்ணீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகிறது, வீட்டுச் சாக்கடை எங்கே கலக்கிறது, மாடு எங்கே இறங்குகிறது, துணி எங்கே துவைக்கிறார்கள், எல்லாம் வேண்டும். ஏரிக்குள் வாழும் ஒவ்வொன்றின் சாப்பாடும் இந்த வழிகளில்தான் வருகிறது. மலையடிவார ஏரி என்றால் வண்டலும் இலைச் சருகும் வரும். பாலாற்றை நம்பிய ஏரி என்றால் ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் உண்டு. வாலாஜா பக்கத்தில் 1858இல் கட்டிய பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்தான் காவேரிப்பாக்கத்துக்கு உயிர். ஊருக்குள் மாட்டிக்கொண்ட ஏரி என்றால் வருடம் முழுவதும் சாக்கடை வரும்.

கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாரிடமாவது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏரி கடைசியா எப்ப கோடி போச்சு?" அந்தப் பதிலில் ஏரியின் பாதி வரலாறு வந்துவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பலரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் எப்போது என்று கேட்டால் யோசிப்பார்கள். அந்த யோசனையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவிகள்

பெரும்பாலானவை வீட்டிலேயே இருக்கும். வெள்ளை பிளாஸ்டிக் டிரே ஒன்று, டீ வடிகட்டி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், தெர்மாமீட்டர், மூடி போட்ட கண்ணாடி பாட்டில்கள், பென்சில். பேனா வேண்டாம், மை நனைந்தால் ஓடிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அலங்கார மீன் விற்கும் கடையில் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை), அம்மோனியா, ஆக்சிஜன் பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி கேளுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்களே செய்ய வேண்டும். 20 செ.மீ. விட்டமுள்ள பெயிண்ட் டப்பா மூடியை நான்கு கால்பாகமாகப் பிரித்துக் கறுப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றி அடியுங்கள். நடுவில் துளையிட்டு, அடியில் கனமான நட்டு ஒன்றைக் கட்டி, 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் தொங்கவிடுங்கள். இதற்குச் செக்கி தட்டு என்று பெயர். ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் அறிஞரும்கூட, 1865இல் மத்தியதரைக் கடலில் இப்படித் தட்டை இறக்கித் தண்ணீரின் தெளிவை அளந்தார். தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். உச்சி வெயில் நேரத்தில், நிழல் விழும் பக்கத்தில், கூலிங் கிளாஸ் போடாமல் பார்க்க வேண்டும்.

நம் ஏரிகளில் 20, 30 செ.மீ.யிலேயே தட்டு காணாமல் போவது சாதாரணம். ஏன் மறைந்தது என்பதுதான் கேள்வி. மழைக்குப் பின் வரும் செம்மண் கலங்கலும் தட்டை மறைக்கும், பங்குனியில் பெருகும் பாசியும் மறைக்கும். எண் ஒன்றாக இருக்கலாம், ஏரியின் நிலை வேறு வேறு. ஒரு பாட்டில் தண்ணீரை வீட்டில் ஆடாமல் ஒரு ராத்திரி வையுங்கள். மண் என்றால் பெருமளவு அடியில் படிந்துவிடும். பாசி என்றால் பச்சையாகவே நிற்கும், அல்லது மேலே ஏடு கட்டும்.

ஒரே நாளில் இரண்டு முறை போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். சூரியன் கிளம்பும் முன் ஒரு முறை, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, ஒரே இடத்தில் வெப்பநிலை, பிஎச், கரைந்திருக்கும் ஆக்சிஜன் மூன்றையும் பாருங்கள்.

30 டிகிரி சூட்டில் இருக்கும் நல்ல தண்ணீர் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.5 மி.கி. 20 டிகிரியில் என்றால் 9 மி.கி. வரை பிடிக்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரின் கொள்ளளவு குறைகிறது, ஆனால் மீனின் தேவை கூடுகிறது. வெயில் ஊரில் மீனாகப் பிறப்பதன் கஷ்டம் இங்கேதான் இருக்கிறது.

இப்போது பாசி நிறைந்த ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டுகிறது. பிற்பகலில் அளவு 10, 12 மி.கி.யைத் தாண்டக்கூடும். கரியமில வாயுவைப் பாசி உறிஞ்சிவிடுவதால் பிஎச் 9 வரை ஏறும். பொழுது சாய்ந்தால் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், மூச்சு மட்டும் நிற்காது. மீன், நத்தை, சேற்றுப் பாக்டீரியா, ஆக்சிஜன் கொடுத்த அதே பாசி, எல்லாமாகச் சேர்ந்து ராத்திரி முழுவதும் இழுக்கின்றன. விடியும்போது 2 மி.கி.க்கும் கீழே போயிருக்கலாம். கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பாசி பச்சையாக, செழிப்பாகத் தெரியும் ஏரிதான் விடியற்காலையில் மூச்சுத் திணறும் ஏரி. பகலில் மட்டும் போய் அளப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

இதிலிருந்து உடனே பயன்படும் பாடம் ஒன்று உண்டு. ஏரியில் மீன் செத்து மிதந்தால் ஊரில் முதல் பேச்சு "யாரோ வெஷம் கலந்துட்டாங்க" என்பதாகவே இருக்கும். இருக்கலாம். ஆனால் முதலில் பாருங்கள்: காலையில் மிதந்ததா, முந்தின நாள் மூடாப்பாக இருந்ததா (வெயில் இல்லாவிட்டால் பாசி ஆக்சிஜன் குறைவாகத்தான் கொடுத்திருக்கும்)? செத்தவை கெண்டை, ஜிலேபி மட்டும்தானா? விராலும் தேளியும் நேரே காற்றைக் குடித்து மூச்சுவிடக்கூடியவை. அவை தப்பித்து மற்றவை செத்திருந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை என்று சந்தேகப்படலாம். விரால், நத்தை, பூச்சி என்று எல்லாமே செத்திருந்தால் விஷயம் வேறு. உடனே தண்ணீர் எடுத்து மூடி வைத்து அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டிய நேரம் அது.

சொட்டு மருந்துப் பெட்டி தோராயமாகத்தான் காட்டும். துல்லியம் வேண்டுமென்றால் பக்கத்துக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையைக் கற்றுத்தரச் சொல்லுங்கள். 1888இலிருந்து இருக்கும் முறை, இன்றும் நம்பகமானது. ஏரிக்கரையிலேயே பாட்டிலில் இரண்டு ரசாயனங்களைச் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரளும், இல்லாவிட்டால் வெள்ளையாக நிற்கும். ஆய்வுக்கூடத்தில் எண் வருவதற்கு முன்னாலேயே பாதி பதில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

யார் யார் குடியிருக்கிறார்கள்

ஏரியை நான்கு வீதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: நீர்ப்பரப்பு, செடி முளைத்த ஓரம், நடுத்தண்ணீர், அடிச்சேறு.

ஓரம்தான் பணக்கார வீதி. கோரையும் அல்லியும் இருக்கும் இடத்தில் வடிகட்டியை விட்டு அலசி, டிரேயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். முதலில் குப்பை மட்டும் தெரியும். பிறகு குப்பை நகரும். தட்டானின் இளம்பூச்சி கீழ்த்தாடையைச் சட்டென்று நீட்டி இரை பிடிப்பதை டிரேயிலேயே பார்க்கலாம். முதுகில் முட்டைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு திரியும் தட்டையான நீர்ப்பூச்சி கிடைத்தால் அது அப்பா. பெண்பூச்சி முட்டையை அதன் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும், பொரியும்வரை சுமப்பது ஆண். சேற்றைக் கிளறினால் ரத்தச் சிவப்பில் மெல்லிய புழு நெளியும். கொசு மாதிரியே இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் புழு அது. நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கும். ஓர் ஏரியில் அந்தச் சிவப்புப் புழு மட்டும் ஏராளமாக இருந்து வேறெதுவும் கிடைக்கவில்லை என்றால் மீட்டர் இல்லாமலே நிலைமை புரிந்துவிடும்.

ஓரத்தில் சில மாதங்களில் செங்கல் நிறத்தில் பொடி மீன் கூட்டமொன்று குமிழ்போல் மேலே வந்து வந்து இறங்கும். விரால் குஞ்சுகள். அடியில் பெற்றோர் காவல் இருக்கும், அதனால் கை விடாதீர்கள்.

மீன் பெயர்களை மீன்காரர்களிடமே கேட்டு எழுதுங்கள்: கெண்டை, கெளுத்தி, உளுவை, குறவை, ஆரால், அயிரை. அதிகம் சிக்குவது ஜிலேபியாகத்தான் இருக்கும். அது ஆப்பிரிக்க மீன், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றுவதால் எங்கே விட்டாலும் பெருகிவிடுகிறது. ஆகாயத்தாமரையும் வெளியூர்தான், தென் அமெரிக்கா.

ஓடும் தண்ணீரின் உயிர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மழை மாதங்களில் ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்தி ஓடைக்குப் போங்கள். கல்லைப் புரட்டிப் பார்த்தால் தண்ணீர் அடித்துப்போகாதபடி தட்டையான உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிகள் தெரியும். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வைத்துவிடுங்கள்.

நிரம்புவதும் வற்றுவதும்

மாதம் ஒரு முறையாவது ஒரே மதகுத் தூணில் நீர்மட்டத்தைப் பாருங்கள், போட்டோ எடுங்கள். ஏரி நிரம்பும்போது காய்ந்த புல்லும் சாணியும் தண்ணீருக்குள் போய் மக்கும், சத்து வெளியேறும், மிதவை உயிர்கள் பெருகும், மீன் குஞ்சுகளுக்கு விருந்து. வற்றும்போது அதே மீன்கள் சிறிய பரப்பில் அடைபட்டுப்போகும். அப்போதுதான் கொக்கு, நாரை, கூழைக்கடா எல்லாம் கூடும். நத்தைகுத்தி நாரையின் அலகில் நடுவே இடைவெளி இருக்கும். சேற்றில் நத்தையைத் தேடி எடுத்துச் சதையை உருவுவதை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், உணவுச்சங்கிலிப் பாடம் தனியாகத் தேவைப்படாது.

ஏரி முழுக்கக் காய்ந்த பிறகு படிப்பு முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை அங்கேதான் தொடங்குகிறது. வெடித்துக் கிடக்கும் ஏரி மண்ணின் மேல் இரண்டு மூன்று செ.மீ. பகுதியை மட்டும் ஒரு கைப்பிடி எடுத்து வாருங்கள். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பி, மழைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, ஜன்னலோரம் வெளிச்சம் விழும் இடத்தில் வையுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். கலங்கல் தெளியட்டும். சில நாட்களில் துள்ளித் துள்ளி நகரும் புள்ளிகள் தெரியும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: நீர்த்தெள்ளுப்பூச்சி, ஒற்றைக்கண் மிதவை உயிர், மட்டிபோல் இரண்டு ஓடு மூடிய சிற்றுயிர். வெயிலில் வெந்த மண்ணில் முட்டையாகவோ உறங்குநிலையிலோ காத்துக் கிடந்தவை. பெரிய நத்தையும் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு சேற்றுக்குள் இப்படித்தான் மழைக்குக் காத்திருக்கும். வண்டலோடு சேர்த்து இந்த முட்டைகளையும் விதைகளையும் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டால் அடுத்த மழையில் ஏரி தன் உயிர்களை மீட்க நாளாகும். தூர் வாரும்போது ஒரு மூலையையாவது விட்டுவைக்கச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

பாலாற்றுக் கரையில் படிக்கும் யாரும் தோல் தொழிலைத் தாண்டிப் போக முடியாது. பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க உப்புப் போடுகிறார்கள், பதப்படுத்தக் குரோமியம் சேர்க்கிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பானதற்குப் பின்னால் இது இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்தியது. நாட்டின் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் வழக்கு நம்மூர்த் தண்ணீரிலிருந்து போனது.

உங்கள் டிடிஎஸ் மீட்டர் உப்பைக் காட்டும். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மி.கி., வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. குரோமியத்தையோ கிருமியையோ பூச்சிமருந்தையோ அந்த மீட்டர் காட்டாது. டிடிஎஸ் 200 என்று வந்ததால் "தண்ணி சுத்தம்" என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

பாலாற்றோடு கடலுக்கு

ஒரு வருடக் குறிப்புகள் சேர்ந்த பிறகு கடலுக்குப் போங்கள். நந்தி மலையில் பிறக்கும் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கத்தில் வங்காள விரிகுடாவில் சேர்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போகலாம். மார்கழி, தை என்றால் வேடந்தாங்கலிலும் இறங்குங்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர் விவசாயிகள் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்துவந்திருக்கிறார்கள். சத்துச் சுழற்சியை இதைவிடத் தெளிவாக எங்கும் பார்க்க முடியாது.

முகத்துவாரத்தில் நீர்மட்டம் வருடக்கணக்கில் இல்லாமல் மணிக்கணக்கில் மாறும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். எத்தனை மணிக்கு என்று மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு வற்றத்தின்போது போங்கள். இங்கே உயிர்களுக்கு முதல் பிரச்சினை உப்பு. நம் ஏரிக் கெண்டையின் உடம்பு தண்ணீரைவிட உப்பானது, அதனால் வெளித்தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அது ஓயாமல் நீர்த்த சிறுநீராக வெளியேற்றுகிறது. கடல்மீனுக்கு நேரெதிர். உடம்புத் தண்ணீரைக் கடல் உறிஞ்சிவிடுவதால் அது கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. மடவை, கொடுவா போன்றவை இரண்டுக்கும் ஈடுகொடுக்கும், அதனால்தான் முகத்துவாரத்தில் கிடைக்கின்றன. விலாங்கு வளர்வது ஆற்றில், முட்டையிடப் போவது கடலில். வருடத்தின் பெரும்பகுதி ஆறு வெறும் மணலாகக் கிடந்தால் அந்தப் பயணம் என்னவாகும் என்பது மணலைப் பார்த்தாலே தெரியும்.

ஏரியில் பாசியின் வளர்ச்சியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது பாஸ்பரஸ், கடலின் பல பகுதிகளில் நைட்ரஜன். மற்றபடி ஏரியில் பிரித்த அதே நான்கு வீதிகளைக் கடற்கரையிலும் தேடுங்கள். மாமல்லபுரத்துக் கரையோரப் பாறைகளில் கொட்டலசு என்னும் ஓட்டுயிர் எந்த உயரம் வரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் அலை எட்டும் எல்லை தெரிந்துவிடும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு தேடிப் போக வேண்டாம்.

டிடிஎஸ் மீட்டரைக் கடலில் முக்காதீர்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, மலிவு மீட்டர்கள் 10 கிராமுக்கு முன்னாலேயே கை விரித்துவிடும். அதற்குப் பதில் 100 மி.லி. கடல்நீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி மொட்டைமாடியில் காயவைத்து, மிஞ்சுவதை நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் நிறுங்கள். மூன்றரை கிராம் அளவில் வரும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எடுத்த தண்ணீர் என்றால் கொஞ்சம் குறையும், ஆறுகளின் நன்னீர் அதில் கலந்திருக்கும். முகத்துவாரத்தில் கடலிலிருந்து உள்ளே போகப் போக ஐந்தாறு இடங்களில் தண்ணீர் எடுத்து வந்து இதேபோல் காயவைத்தால், நன்னீர் எங்கே முடிந்து கடல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு உங்கள் கையால் ஒரு வரைபடம் கிடைக்கும். பாட்டில்களில் இடத்தையும் நேரத்தையும் அங்கேயே எழுதிவிடுங்கள், பஸ்ஸில் வந்து எழுதினால் மாறிவிடும்.